சிவகங்கைப் பூங்காவும் அதன் குளமும்

நவம்பர் 8

திருவையாற்றிலிருந்து தம்பி மகளை அழைத்துக்கொண்டு தஞ்சாவூருக்குச் சென்றேன். பெரிய கோயிலுக்கு வருவோரில் பலர் பக்கத்திலேயே இருக்கும் சிவகங்கைப் பூங்காவை எட்டிப் பார்ப்பதில்லை. 1871-72இல் நகராட்சி இதனை மக்கள் பூங்காவாக அமைத்தது. ஆனால் இதன் நடுவிலுள்ள குளம் பூங்காவைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தது. அப்பர் தேவாரம் குறிக்கும் தஞ்சைத் தளிக்குளம் இதுவே என்று கூறுவோரும் உண்டு. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் பூங்காவைப் புதுப்பித்திருக்கிறார்கள். நடைபாதை நன்று. குழந்தைக்கு ஊஞ்சலைவிட்டு வர மனமில்லை. எனக்குக் குளக்கரையைவிட்டு வர மனமில்லை.

நவம்பர் 9

நேற்றைய குளத்தைப் பற்றியே இன்றும் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆற்றுப் பாசனத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்குத் தண்ணீர் என்றால் காவிரியும் அதன் கிளைகளும்தான். தஞ்சை நகரமோ டெல்டாவின் விளிம்பில், வல்லம் பக்கத்து மேட்டுநிலம் சரிந்து வந்து முடியும் இடத்தில் இருக்கிறது. கல்லணைக் கால்வாய் கோயிலருகே ஓடத் தொடங்கியதே 1934இல்தான். பதினாறாம் நூற்றாண்டில் இங்கே ஆண்ட சேவப்ப நாயக்கர், மேற்கிலிருந்து வடியும் மழைநீரை ஏரியில் தேக்கி, அங்கிருந்து நிலத்தடி வழியாகச் சிவகங்கைக் குளத்திற்குக் கொண்டுவந்தார். குளத்து நீர் சுடுமண் குழாய்கள் வழியே அரண்மனைக்கும் நகரத்துக் கிணறுகளுக்கும் சென்றது. இந்த ஏற்பாட்டிற்கு ஜலசூத்திரம் என்று பெயர். மேட்டிலிருந்து பள்ளத்திற்கு நீர் தானே இறங்கும் என்பதைத் தவிர வேறு விசை எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. இன்று ஏரியைச் சுற்றி வீடுகள் நெருங்கிவிட்டன. பூங்காவைப் புதுப்பிப்போர் புல்தரைக்குச் செலவிடுவதில் ஒரு பங்கையேனும் வரத்துக் கால்களுக்குச் செலவிட வேண்டும் என்பது என் கருத்து. நீர் வரத்து இல்லாத சிவகங்கை வெறும் பள்ளமே.

நவம்பர் 16

மழைக்கு நடுவே மீண்டும் ஒரு நடை. இம்முறை 1779இல் ஸ்வார்ட்ஸ் பாதிரியார் கட்டிய தேவாலயத்தையும் பார்த்தேன். 1798இல் மரணப் படுக்கையில் கிடந்த அவரை இரண்டாம் சரபோஜி மன்னர் காண வந்த காட்சியை, மன்னரே ஜான் பிளாக்ஸ்மன் என்னும் இங்கிலாந்துச் சிற்பியிடம் சொல்லிச் சலவைக்கல்லில் வடிக்கச் செய்தார். சைவக் குளம், நாயக்கர் கோட்டை, மராத்திய மன்னர் அனுப்பிய சிற்பம் ஆகியவற்றை ஒரு நடையில் பார்த்துவிடலாம். வெளியூர் நண்பர்கள் கேட்டால், கோயிலுக்கு இரண்டு மணி நேரமும் இதற்கு ஒரு மணி நேரமும் ஒதுக்கச் சொல்வேன். மழைக்காலமாக இருந்தால் குளத்தில் எத்தனை படி நீர் ஏறியிருக்கிறது என்று பார்த்து எனக்குத் தெரிவிக்கவும் சொல்வேன்.