ராம்போரிங்கஸ் பட்டம்: பின்விளிம்பின் படபடப்பு அடங்கியது

இறக்கையின் பின்விளிம்பு ஒருவழியாக அடங்கிவிட்டது. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துக்குக் கீழே அறுவடை முடிந்த வயல்வெளியில், வாடைக்காற்று சீராக வீசிய ஒரு பின்னேரத்தில், 1.8 மீற்றர் அகலமுள்ள ராம்போரிங்கஸ் பட்டம் நூலை விட்டுக்கொடுக்காமல் நின்றது. ராம்போரிங்கஸ் என்பது தெரோசோர்கள் எனப்படும், அழிந்துபோன பறக்கும் ஊர்வனவற்றுள் ஒன்று. அந்த இனத்தின் பெரிய விலங்குகளுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் சிறகு விரிப்பு என்பதால், இது அளவு குறைத்த பொம்மை அன்று. முழு அளவுப் பட்டம்.

சிலாகை (சட்டக் குச்சி) சீவுவதையும் முச்சை (பட்டத்தை நூலோடு இணைக்கும் கட்டு) கட்டுவதையும் பட்டம் கட்டுவோருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தொல்லை கொடுத்தது வேறொன்று. எட்டுமூலைப் பட்டத்திலோ கொக்குப் பட்டத்திலோ சுற்றிவர நூலோ சிலாகையோ ஓடிக் கடதாசியை இழுத்துப் பிடிக்கும். தெரோசோர்களுக்கு அந்த வசதி இல்லை. நமது மோதிர விரலுக்கு ஒப்பான நான்காம் விரலின் நான்கு எலும்புகள் அளவுக்கு மீறி நீண்டு முன்விளிம்பாகி, அதன் பின்னால் உள்ளதெல்லாம் வெறும் சவ்வாக இருக்கிறது. அந்த அமைப்பை நேர்மையாகப் பின்பற்றிக் கட்டினால், பின்விளிம்பு காற்றில் படபடவென்று அடித்துப் பட்டத்தைப் பக்கவாட்டில் சரித்துவிடுகிறது. விளிம்பில் நூலோட்டி உள்வளைவாக இறுக்கினால் படபடப்புக் குறைகிறது. ஆனால் இறக்கை ஒடுங்கித் தூக்கும் வலு போய்விடுகிறது.

விடை சுண்ணாம்புக்கல்லில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. ஜேர்மனியின் சோல்ன்ஹோபன் பகுதியில், ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த மென்மணிச் சுண்ணாம்புக்கல்லில் கிடைத்த ராம்போரிங்கஸ் இறக்கையொன்றைத் தொல்லுயிரியலாளர் கார்ல் சிற்றெல் 1882 இல் விவரித்தார். எலும்பு மட்டுமன்றிச் சவ்வின் பதிவும் அதில் இருக்கிறது. அந்தச் சவ்வுக்குள் மயிரிழை போன்ற நார்கள் நெருக்கமாக அணிவகுத்து நிற்கின்றன. நான் மணிக்கணக்கில் பார்த்தது அவற்றின் திசையைத்தான். இறக்கை நுனியில் அவை விரலெலும்புக்கு ஏறக்குறைய இணையாகச் சாய்ந்து பின்விளிம்பை நோக்கிப் போகின்றன. உடம்பை நெருங்க நெருங்கத் திரும்பி, முன்விளிம்பிலிருந்து பின்னோக்கிக் குறுக்குவாட்டாகின்றன.

நான் முதலில் எல்லா இடத்திலும் நார்களைக் குறுக்காகவே ஒட்டியிருந்தேன். வணிகப் பட்டங்களில் காணும் முறை அதுதான். விளிம்பு சற்று அடங்கியது, ஆனால் நுனி சுருண்டுகொண்டே இருந்தது. நுனியில் துணியின் இழுவை உடம்புக்கும் விரல் முனைக்கும் இடையே நீளவாட்டில் ஓடுவதால், குறுக்கே கிடக்கும் நார் அதைத் தாங்க வழியில்லை என்பது என் கணிப்பு. கல்லில் உள்ளபடி சாய்த்து ஒட்டியதும் ஒவ்வொரு நாரும் அந்த இழுவையை முன்னெலும்புக்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. தவிர, சாய்ந்த நார்கள் ஓலை விசிறியைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்து இறக்கையை மடிக்கவும் இடம் கொடுக்கின்றன. எனது பட்டம் இப்போது மோட்டார்சைக்கிளில் கட்டிக் கொண்டுபோகும் அளவுக்கு ஒடுங்குகிறது.

நாருக்கு எதைப் போடுவது என்பதில்தான் அதிக காலம் போனது. தென்னை ஈர்க்குப் பாரம். மூங்கிலை அவ்வளவு மெல்லியதாகச் சீவினால் பிளந்துவிடுகிறது. பனையோலை ஈர்க்கை நிழலில் உலர்த்தி, நீளவாட்டில் கிழித்து, கண்ணாடித் துண்டால் வழித்தெடுத்தால் நூல் போன்ற நார் வருகிறது. அதை வெயிலில் உலர்த்தினால் முறியும். இதைச் சொல்லி வைக்கிறேன். முன்விளிம்புக்குக் கமுகஞ் சிலாகைதான். நல்ல வைரம் பாய்ந்த கமுகு எனக்கு யாழ்ப்பாணப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவரிடம்தான் கிடைத்தது. இறக்கைக்குக் குடைத்துணி. ஒட்டுப்பசை வாங்கிய கடையின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. பசை பாதி இறுகிய நிலையிலேயே போத்தலில் இருந்தது.

துணியும் ஈர்க்கும் இப்படி நடந்துகொண்டதால் விலங்கும் அப்படியே பறந்தது என்று நான் வாதிடவில்லை. உயிருள்ள சவ்வில் தசைப்படையும் குருதிக்கலன்களும் இருந்ததை வேறு ராம்போரிங்கஸ் உயிர்ச்சுவடுகள் காட்டியிருக்கின்றன. அது தன் இறக்கையின் இறுக்கத்தைத் தானே மாற்றியிருக்கக் கூடும். என் பட்டத்துக்கு முச்சை ஒன்றுதான் கதி.

இங்கே மண்ணைத் தோண்டினால் இப்படியொன்று கிடைக்காதா என்று வயலுக்கு வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். வன்னியின் பெரும்பகுதிக்கு அடியில் இருப்பது, புவியியலாளர் வன்னித் தொகுதி என்றே அழைக்கும், வெப்பத்திலும் அமுக்கத்திலும் உருமாறிய மிகப் பழைய பாறை. அதில் எலும்பு தப்பாது. வடக்கிலும் வடமேற்கிலும் உள்ள மயோசீன் சுண்ணாம்புக்கல்லோ, தெரோசோர்கள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்து வெகுகாலத்துக்குப் பின் படிந்தது. ஆகவே நமக்குப் பட்டம்தான்.

உடம்பை ஒட்டிய உள்பகுதி இன்னும் தொய்கிறது. அதைச் சரிசெய்யுமுன்பே மனம் வாலுக்குப் போய்விட்டது. ராம்போரிங்கசின் நீண்ட விறைத்த வால் முனையில் சாய்சதுரத் தகடொன்று உண்டு. அதற்குள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய அமைப்பு இருப்பதை லேசர் ஒளியில் கண்டதாக 2024 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. எனது வாலில் இப்போது இருப்பது வெறும் கடதாசி அட்டை. காற்றுக் கூடினால் அதிர்ந்து முழுப் பட்டத்தையும் ஆட்டுகிறது. நைலோன் மீன்வலைத் துண்டை இரு துணிகளுக்கு நடுவே வைத்துத் தைக்கப் போகிறேன். முல்லைத்தீவில் வலை வாங்கும்போது மிகச் சிறிய கண்ணுள்ளதாகக் கேட்க வேண்டும். பெரிய கண் இந்த அளவுக்குப் பயன்படாது. சோளகக் காற்றுத் தொடங்குமுன் வாலும் உள்பகுதியும் முடிந்தால், காற்றில் ஒலியெழுப்பும் விண் பூட்டிப் பார்ப்பேன்.