டாஹோ கிளம்பும் முன் காற்றையும் பாருங்கள்

டிசம்பர் பிறந்துவிட்டால் நம் சான் பிரான்சிஸ்கோ பே ஏரியா வாட்ஸாப் குழுக்களில் ஒரே பேச்சுதான்: சியரா நெவாடா மலையில் இருக்கும் டாஹோ ஏரிப் பக்கம் எத்தனை இஞ்ச் பனி? பிள்ளைகள் விளையாட வேண்டும், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு ஒருமுறையாவது காட்டிவிட வேண்டும், லாங் வீக்கெண்ட் வேறு. எல்லாம் சரி. ஆனால் காற்று எவ்வளவு என்று யாருமே கேட்பதில்லை, எனக்கு அதுதான் கவலை.

2024 பிப்ரவரி 29-ல் ஆரம்பித்த புயல் ஞாபகம் இருக்கிறதா? டாஹோவின் பாலிசேட்ஸ் பனிச்சறுக்குத் தளத்து மலை முகட்டில் மணிக்கு 190 மைல் வேகக் காற்று பதிவானது, அந்தப் பக்கம் போகும் ஐ-80 ஹைவேயை மூடினார்கள், உயரமான இடங்களில் ஆள் உயரத்துக்கு மேல் பனி. பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று சியரா நெவாடா சரிவில் முட்டி மேலே ஏறுகிறது, ஏற ஏறக் குளிர்ந்து அத்தனை ஈரத்தையும் பனியாகக் கொட்டிவிடுகிறது. முகட்டைத் தாண்டும்போது அதற்குப் போகிற வழி குறுகிவிடுவதால் வேகமும் எகிறிவிடும். அப்புறம் ஒன்று, பனி பெய்வது நின்றாலும் காற்று நிற்காவிட்டால் பயனில்லை. ஏற்கெனவே தரையில் கிடப்பதையே வாரி வீசும், முன்னால் போகிற காரின் சிவப்பு விளக்குகூடத் தெரியாது.

அந்த வழியில் இருக்கும் டானர் பாஸ் கணவாய்ப் பக்கம் இதெல்லாம் புதிதும் இல்லை. அங்கே 1946 முதல் ஓர் ஆய்வுக்கூடத்தில் பனியை அளந்து வருகிறார்கள், 1951-52 குளிர்காலத்தில் மொத்தம் 812 இஞ்ச். அந்த 1952 ஜனவரியில்தான் 200-க்கும் மேற்பட்டவர்களோடு ஒரு ரயிலே பனியில் புதைந்து நின்றது, அவர்களை வெளியே கொண்டுவர மூன்று நாள் ஆயிற்று. ரயிலுக்கே அந்தக் கதி என்றால் நம் மினிவேன் எம்மாத்திரம்!

பனியில் வழுக்காமல் டயரில் மாட்டுகிற செயின் இருக்கிறதே என்பார்கள். செயின் கட்டாயம் என்கிற ஆர்-2 போர்டு வைத்தால் நாலு சக்கரத்துக்கும் ஸ்னோ டயர் போட்ட ஆல்-வீல் டிரைவ் வண்டிக்கு மட்டும் விலக்கு, அவர்களும் டிக்கியில் செயின் வைத்திருக்க வேண்டும். சாலையோரம் குனிந்து மாட்டும்போது கொக்கி விரலில் ஒட்டுகிற மாதிரி சில்லிடும், கையுறையோடு மாட்டவும் வராது, கழற்றினால் ரெண்டு நிமிஷத்தில் விரல் மரத்துவிடும். வீட்டு வாசலில் ஒருமுறை மாட்டிப் பழகிவிட்டுப் போங்கள். கொஞ்ச தூரம் ஓட்டியதும் இறங்கி மறுபடி இறுக்க வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

வழியில் மாட்டிக்கொண்டால் ஹீட்டர் போடுவதற்கு முன் வண்டியின் பின்னால் போய் புகைக்குழாயை மூடியிருக்கும் பனியைத் தள்ளுங்கள். காற்று அடிக்க அடிக்க அது திரும்பத் திரும்ப மூடும், கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்தால் வாசனைகூடத் தெரியாது. குழந்தைகள் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்கள், தயவுசெய்து இதை மட்டும் மறக்காதீர்கள். போர்வை, தண்ணீர், புளிசாதமோ சப்பாத்தியோ ஒரு வேளைக்குக் கூடுதலாக இருக்கட்டும்.

டாஹோ பக்கத்துக்கு முன்னறிவிப்பு தரும் ரினோ வானிலை அலுவலகத்தின் அறிக்கையில் முகட்டுக் காற்றைத் தனியாகவே போடுகிறார்கள், படித்துவிட்டு ஹோட்டல் புக் பண்ணுங்கள். பிளிசார்ட் (கடும் பனிப்புயல்) எச்சரிக்கை வந்துவிட்டால் பணம் போனாலும் பரவாயில்லை, கேன்சல் செய்துவிடுங்கள். புயல் ஓய்ந்து ரெண்டு நாள் கழித்துப் போனால் ரோடு திறந்திருக்கும், வெயிலும் இருக்கும், பனியும் அங்கேயேதான் கிடக்கும். பனி விளையாட்டு இடங்களில் வண்டி நிறுத்த வேண்டிய ஸ்னோ பார்க் பெர்மிட்டை மட்டும் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள்.