செக்கானூரணி தாண்டி ஒரு நிலவறை

ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ் ஏறினால் நாகமலை கொஞ்ச தூரம் கூடவே வரும். செக்கானூரணி தாண்டியதும் செம்மண் காடு. அங்கே ஒரு தோட்டத்தில், 9 அடி ஆழத்தில், பத்துக்கு எட்டு அடி நிலவறை. சின்ன வெங்காயம் சேமிக்க. கரன்ட் கனெக்ஷன் கிடையாது; காற்றோட்டத்துக்கான விசிறி சோலாரில் ஓடுகிறது. திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் இதைத் தோண்டினால் மண் மழைக்கு ஊதி, கோடைக்கு வெடித்துச் சுவரைத் தள்ளிவிடும்.

சித்திரை வெயிலில் இறங்கினால் ஜில்லென்றுதான் இருக்கும். நம்பிவிட வேண்டாம். மதுரை மண் அந்த ஆழத்தில் சுமார் 28, 29 டிகிரி. கேரட்டும் உருளையும் இதில் தாங்காது. சின்ன வெங்காயத்துக்கு 25 முதல் 30 டிகிரியும், 65 முதல் 70 சதவீத ஈரப்பதமும் தோது. சேனைக்கும் ஆகும். ஆக இங்கே மின்சாரத்தின் வேலை குளிரூட்டுவதல்ல, வெங்காயம் விடும் ஈர மூச்சை வெளியேற்றுவது.

வெளிக்காற்று ராத்திரியில்தான் குளிரும் என்பதால் விசிறியும் ராத்திரியில்தான் ஓட வேண்டும். பகலில் ஓட்டினால் வெக்கையை உள்ளே இழுத்த கதை. தனி டைமர் வேண்டாம்; சோலார் பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் மாட்டும் சார்ஜ் கன்ட்ரோலர் பலவற்றில் தெருவிளக்கு மோடு உண்டு. பேனலில் வெளிச்சம் போனதும் விசிறி தானே ஆன் ஆகும்.

12 வோல்ட், 120 மி.மீ. விசிறி இரண்டு, ஒன்று 3 வாட். பத்து மணி நேரத்துக்கு 60 வாட்-மணி, எல்இடி விளக்குக்கு ஒரு 5. 12.8 வோல்ட், 12 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி இரண்டு ராத்திரி தாங்கும். பேனல் 40 வாட், தெற்கு பார்த்து 10 டிகிரி சாய்வு. ஐப்பசி அடைமழையில் ஒரு விசிறியை நிறுத்தினால் நாலு ராத்திரி ஓடும்.

பேட்டரியை உள்ளே வைக்கத்தான் எல்லாருக்கும் கை போகும். ஈரத்தில் டெர்மினல் பச்சை பூக்கும்; லெட்-ஆசிட் என்றால் ஹைட்ரஜனும் தேங்கும். மேலே, வடக்குச் சுவர் நிழலில் வையுங்கள். அதை ஒட்டியே 5 ஆம்பியர் ஃபியூஸ். பத்து மீட்டருக்கு 1.5 சதுர மி.மீ. ஒயர் போதும்.

வெளிக்காற்று வரும் 4 இன்ச் பிவிசி குழாய் தரையிலிருந்து அரை அடியில் முடிய வேண்டும். விசிறிகள் எதிர்ச்சுவரில், கூரையை ஒட்டி, ஆளுக்கொரு குழாயில். வளைவு கூடக் கூட காற்று செத்துவிடும். குழாய் வாயில் கால் இன்ச் கம்பி வலை இல்லையென்றால் எலி வரும், எலி பின்னால் பாம்பு வரும்.

வெங்காயத்தை மூங்கில் தட்டி மேல் இரண்டரை அடிக்கு மிஞ்சாமல் பரப்ப வேண்டும். குவியலுக்குள் முழங்கை வரை கையை விடுங்கள். நடுவில் கதகதப்பும் புளித்த வாடையும் இருந்தால் அழுகல் ஆரம்பித்துவிட்டது. விசிறியைக் கூட்டிப் பயனில்லை. அன்றே கிளறிப் பொறுக்கி, நல்லதைக் கீழமாரட் வீதி மண்டிக்கு ஏற்றிவிடுவது மேல்.

பார்க்கப் போகிறவர்கள் விசிறியைக் கால் மணி நேரமாவது ஓடவிட்ட பிறகே இறங்குங்கள். கிழங்கும் வெங்காயமும் விடும் கரியமில வாயு, பாழுங்கிணற்றில் போலவே தரையோரம் தேங்கி நிற்கும். மேலே ஒரு ஆள் நிற்கட்டும்.