இடது என்ஜினின் மூச்சிரைப்பு: ரிவியேர் நுவார் குறிப்புகள்

2025 பிப்ரவரி 3, திங்கள்

இங்கே மொரீஷியஸில் சனிக்கிழமை அடிமை ஒழிப்பு நாள் விடுமுறை, நேற்று ஞாயிறு. இன்று ரிவியேர் நுவார் துறைக்கு வந்தால் எனக்கு முன்பே முதலாளி நிற்கிறார். மார்லின் மீன் சீசனில் படகு கட்டிக் கிடந்தால் மனுஷன் முகம் எப்படி இருக்கும்!

படகில் இரண்டு பெட்ரோல் வி8 என்ஜின். இரண்டின் தலையிலும் காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜர். வலது சாது. இடதுக்கு ஐடிலில், அதாவது ரேஸ் கொடுக்காத சும்மா ஓட்டத்தில், நிற்கத் தெரியவில்லை. நிமிஷத்துக்கு 650 சுற்றில் நிற்க வேண்டியது 1100 வரை ஏறுகிறது, 500-க்கு விழுகிறது, மறுபடி ஏறுகிறது. ஆஸ்துமாக்காரர் மாடிப்படி ஏறுகிற மாதிரி. விழுகிற நேரம் பார்த்து கியர் போட்டால் அணைந்தே போகும். ரேஸ் கொடுத்தால் மட்டும் ஒரு குறையும் இல்லை.

எனக்கு முன்னால் பார்த்தவர் இரண்டு சென்சாரை மாற்றியிருக்கிறார். கழற்றிய பழசு டப்பாவிலேயே கிடந்தது. அளந்து பார்த்தேன். இரண்டும் நல்ல சென்சார்.

பிப்ரவரி 4

என்னோடு வேலை செய்கிற பையன் காவடிக்கு விரதம் இருக்கிறான். என்னைத் 'தொந்தொன்' என்பான், கிரியோலில் மாமா. 'ப்ளோயரைப் போடுடா' என்றேன், சூப்பர்சார்ஜர் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். தப்பு என்னுடையதுதான், இங்கே இரண்டுக்கும் அதே பெயர். நான் சொன்னது என்ஜின் அறையிலிருந்து பெட்ரோல் ஆவியை வெளியே தள்ளும் விசிறியை. நாலு நிமிஷமாவது அது ஓடாமல் சாவியைத் தொட விடமாட்டேன்.

ஐடிலில் காற்றை அளந்து விடும் ஐடில் ஏர் வால்வைக் கழற்றினோம். கரி அப்பிக் கிடந்தது. சுத்தம் பண்ணி மாட்டியதும் அரை மணி நேரம் அருமையாக ஓடியது. பையன் போய் முதலாளியிடம் சொல்லியும் விட்டான். அப்புறம் பழைய கதைதான்.

பிப்ரவரி 5

நாள் முழுக்க மழை. பெட்ரோல் பிரஷர் மட்டும் பார்த்தேன். என்ஜின் ஏறி இறங்கும்போது முள்ளும் லேசாக ஆடியது. பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டோடு சேர்ந்திருப்பதால் அது ஆடத்தான் செய்யும். ஃபில்டரிலும் தண்ணீர் இல்லை. சரி, பெட்ரோல் பக்கம் குற்றமில்லை.

பிப்ரவரி 6

ஐடிலில் சூப்பர்சார்ஜர் காற்றை அமுக்க வேண்டிய அவசியமே இல்லை. அதனால் பைபாஸ் வால்வ் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். மேனிஃபோல்டின் வேக்குவம், அதாவது உறிஞ்சும் இழுவை, அதை இழுத்துத் திறந்து வைக்கும், காற்று சும்மா சுற்றி வரும். ரேஸ் கொடுத்தால் வேக்குவம் போய்விடும், வால்வ் மூடும், அப்போதுதான் பூஸ்ட், அதாவது அமுக்கிய காற்று.

பைபாஸ் வால்வில் கை பம்பை மாட்டி 15 அங்குலம் (பாதரச அளவில்) வேக்குவம் இழுத்தேன். வலதில் முள் அப்படியே நின்றது. இடதில் கண்ணெதிரே இறங்கியது. வால்வை இழுக்கும் டயாஃபிரம் சவ்வு கிழிந்துவிட்டதோ என்று பயந்தேன், அதன் விலை அப்படி. பார்த்தால் ஓஸ்தான். சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ரப்பர் ஓஸ், மாட்டும் முனையில் வளைத்தால்தான் தெரிகிற வெடிப்பு. மாற்றினோம். ஐடில் நின்றது. இந்தத் தடவை முதலாளியிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

பிப்ரவரி 8

சொல்லாதது நல்லதாய்ப் போயிற்று. காலையில் குளிர்ந்த என்ஜின் 650-ல் தியானம் செய்கிறது. லெ மோர்ன் பக்கம் ஒரு மணி நேரம் ஓட்டித் திரும்பினால், துறை வாசலில் மறுபடி மூச்சிரைப்பு.

சூட்டில் மட்டும் வருகிறது என்றால் எங்கோ ஒரு இணைப்பு சூட்டில் விரிந்து காற்று இழுக்கிறது. இந்த என்ஜினின் எக்ஸாஸ்டில் ஆக்சிஜன் சென்சார் கிடையாது. மேனிஃபோல்டில் இருக்கும் பிரஷரைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோல் கணக்குப் போடுகிறது. திருட்டுக் காற்று நுழைந்தால் பிரஷர் கூடும், கூடவே பெட்ரோலும் கூடும், வேகம் ஏறும். ஏறியதைப் பார்த்து கம்ப்யூட்டர் ஐடில் வால்வை மூடி ஸ்பார்க் விழும் நேரத்தையும் பின்னுக்குத் தள்ளும். அதிகமாகவே தள்ளிவிடும், வேகம் விழும். உடனே பதறிப்போய்த் திறக்கும். இரண்டு பேர் ஒரே சைக்கிளின் ஹேண்டிலைப் பிடித்து ஆளுக்கொரு பக்கம் திருப்புகிற மாதிரி.

காரில் என்றால் தீப்பற்றக்கூடிய கார்ப் கிளீனரை இணைப்புகள் மேல் அடித்து வேகம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். படகின் மூடிய அறையில், சூடான என்ஜின் மேல், நான் மாட்டேன்.

பிப்ரவரி 10

என்ஜினை ஓட்டிச் சூடாக்கி அணைத்தோம். காற்று வாயை ஒரு தகட்டால் அடைத்து, என்ஜினின் அடிப்பெட்டியான கிரான்க்கேஸிலிருந்து வரும் ஓஸையும் அடைத்து, கம்ப்ரசரிலிருந்து மூன்றே பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்று விட்டோம். அதற்கு மேல் விட்டால் சீலுக்குக் கேடு. எக்ஸாஸ்டில் உஸ்ஸென்று சத்தம் வரும், அதை நம்பக்கூடாது. ஏதாவது ஒரு சிலிண்டரின் வால்வ் திறந்திருக்கும், அவ்வளவுதான்.

சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவிக்கொண்டே போனேன். சூப்பர்சார்ஜர் மேனிஃபோல்டில் உட்காரும் இடத்தில், பின்பக்க மூலையில், கையும் போகாது கண்ணும் போகாது. கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பார்த்தேன். கடுகளவு குமிழ்கள், ஒன்றன்பின் ஒன்றாக. அதற்குக் கீழே வெள்ளைப் பெயின்டில் மை இழுத்த மாதிரி ஒரு கறுப்பு எண்ணெய்க் கோடு. பூஸ்டில் வெளியே துப்புகிற அதே ஓட்டைதான் ஐடிலில் உள்ளே இழுக்கிறது. அந்தக் கோடு முதல் நாளும் அங்கேதான் இருந்திருக்கும். நான்தான் குனிந்து பார்க்கவில்லை.

சூப்பர்சார்ஜரைத் தூக்கப் பக்கத்துப் படகு ஆட்களைக் கூப்பிட்டேன். பத்து நாள் விரதக்காரனைத் தூக்கச் சொல்ல மனசு வரவில்லை. அந்த மூலையில் இரண்டு போல்ட் கையாலேயே சுழன்றன. இணைப்பை அடைக்கும் கேஸ்கட் வறுத்த அப்பளம் மாதிரி உடைந்தது. நல்லவேளை, முதலாளியின் பெட்டியில் புது செட் இருந்தது.

பிப்ரவரி 11

தைப்பூசம். வேலை இல்லை. காத்ர் போர்ன் ஊரில், கோர் த கார்த் மலையடிக் கோயிலுக்குப் பையன் காவடி எடுத்தான். வாயில் அலகு இருந்ததால் என்னைப் பார்த்துக் கண்ணால் மட்டும் சிரித்தான்.

பிப்ரவரி 12

போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, குறுக்கும் நெடுக்குமாக, மூன்று சுற்றில் டார்க் ரென்ச் வைத்து முறுக்கினேன். லெ மோர்ன் வரை போய் வந்தோம். துறை வாசலில் 650. கியர் போட்டேன், கொஞ்சம் இறங்கிச் சமாளித்து நின்றது. கால் மணி நேரம் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பையன் வீட்டிலிருந்து வாழை இலையில் ஏழு கறி கட்டிக்கொண்டு வந்திருந்தான். என்ஜின் மூடி மேல் வைத்துச் சாப்பிட்டோம். இடது அடங்கிவிட்டதால் இப்போதுதான் கேட்கிறது, வலதில் பெல்ட் பக்கம் மெல்லிசாக ஒரு கீச்சொலி. பையனும் கேட்டுவிட்டான். 'தொந்தொன்' என்று ஆரம்பித்தான். முதலில் சாப்பிடுடா என்றேன்.