பழைய ஜன்னலும் வெந்து போன நாத்தும்: இந்த வருஷ தோட்ட அப்டேட்

குளிர் இன்னும் முழுசா விடல, விடியக்காலைல புல்லு மேல வெள்ளையா உறைபனி படிஞ்சு கிடக்கு, ஆனா மதியம் கொஞ்சம் வெயில் அடிச்சாப் போதும், கை சும்மா இருக்க மாட்டேங்குது. இந்த வருஷம் தோட்டத்துக்குன்னு புதுசா எதையும் வாங்கறதில்ல, கொட்டகைல அடைஞ்சு கிடக்கறத வச்சே ஒப்பேத்தணும்னு இறங்கிருக்கேன். விதை கூட பாதி போன வருஷம் எடுத்து வச்சது தான்.

முதல்ல கை வச்சது வீட்ல இருந்து கழட்டிப் போட்ட கண்ணாடி ஜன்னல் கதவு ரெண்டு. பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்க வாய்ப்பு இருக்கு, அதனால சுரண்டவே இல்ல, பெயிண்ட் உரியாத கதவா பாத்து எடுத்தேன். நாத்து குளிர் தாங்கறதுக்கு நாலு பக்கமும் பலகை அடிச்சு பெட்டி மாதிரி ஆக்கி, பின்பக்கம் உசரமா முன்பக்கம் தாழ்வா வச்சு, மேல கதவ சாய்ச்சு மூடுனா வெயில் உள்ள இறங்கும், மழைத்தண்ணி வழிஞ்சு போயிரும். உள்ள ஒரு தெர்மாமீட்டர், ரெண்டு குழித்தட்டுல லெட்டூஸும் முட்டைகோஸும். நாலு நாள் அருமையா போச்சு. அஞ்சாவது நாள் வெளிய 9 டிகிரி தான், ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு அந்தப் பக்கம் எரு புரட்டிக்கிட்டு இருந்தேன், இத மறந்தே போயிட்டேன். வந்து பாத்தா உள்ள 41! லெட்டூஸ் எல்லாம் வெந்நீர்ல முக்கி எடுத்த கீரை மாதிரி மண்ணோட ஒட்டிக் கிடக்கு. குளிர்ல சாகும்னு பயந்து பயந்து மூடி வச்சேன், கடைசில சூட்டுல போச்சு. கோஸ் மட்டும் எப்படியோ தாங்கிருச்சு. இப்ப கதவ தூக்கி முட்டுக் கொடுக்க ஒரு குச்சில மேல மேல மூணு வெட்டு போட்டு வச்சிருக்கேன், மேகமா இருந்தா முதல் வெட்டு, நல்ல வெயில்னா மூணாவது, சாயங்காலம் ஆனதும் மூடிடறது.

டாய்லெட் ரோல் குழாய்ல பட்டாணி போட்டதுல போன வருஷம் ஒரு தப்பு பண்ணேன். நடும்போது அட்டையோட விளிம்பு மண்ணுக்கு மேல நீட்டிக்கிட்டு இருந்துச்சு, அது விளக்குத் திரி மாதிரி வேர்ப் பக்கத்து ஈரத்த உறிஞ்சி காத்துல காய விட்டுருது, செடி ஏன் வாடுதுன்னே புரியாம இருந்தேன். இப்ப விளிம்ப கிழிச்சுட்டு முழுசா புதைக்கறேன். அட்டைல லேசா வெள்ளைப் பூசணம் வருது, அது செடிய ஒண்ணும் பண்ணல, குழாய்ங்கள நெருக்கமா அடுக்காம காத்து போற மாதிரி வச்சா குறையுது.

எருத்தொட்டிக்கு நாலு மரப் பாலட், அதான் சரக்கு அடுக்கற மரச் சட்டம். அதுல குத்திருக்கற முத்திரைய பாத்து எடுங்க, ஹெச்டின்னா சூடு காட்டி பூச்சி நீக்குனது, எம்பின்னா மீத்தைல் புரோமைடுங்கற விஷ வாயு அடிச்சது, அத நான் தொடறதில்ல. சமையல்கட்டுக் கழிவும் புல்லும் மட்டும் கொட்டுனதுல ஒரே நாத்தம், வழவழன்னு ஆயிருச்சு. கார்பன் 25-30 பங்குக்கு நைட்ரஜன் 1 பங்குங்கற கணக்கெல்லாம் தராசு வச்சா பாக்க முடியும், கார்பன் ஜாஸ்தி இருக்கற அட்டைப்பெட்டிய கிழிச்சு கிழிச்சு நாத்தம் நிக்கற வரைக்கும் போட்டேன். பெட்டிய ராத்திரி மழைல போட்டுட்டா காலைல டேப்பு தானா கழண்டு வரும், நகத்தால சுரண்டத் தேவையில்ல (இது தெரியாம போன வருஷம் பூரா மண்ணுல டேப்பு பொறுக்குனேன்). ஒரு வாரத்துல நடுவுல 58 டிகிரி, கிளறும்போது ஆவி பறக்குது. முட்டை ஓடு மட்டும் போட்டது போட்ட மாதிரியே கிடக்கு, இனிமே நல்லா பொடிச்சு தான் போடணும்.

அடிய வெட்டுன பிளாஸ்டிக் பாட்டில செடிக்கு மூடியா கவுத்தது சுமார் தான், ரெண்டு தடவ காத்துல பறந்து வேலி ஓரத்துல கிடந்துச்சு. இப்ப கழுத்து வழியா ஒரு குச்சி சொருகி நிறுத்திருக்கேன்.

லெட்டூஸ் நேத்து திரும்ப விதைச்சாச்சு. தக்காளி வீட்டுக்குள்ள ஜன்னலோரம் வெளிச்சம் பத்தாம ஒல்லிக்குச்சியா வளந்து நிக்குது, பாவமா தான் இருக்கு, ஆனாலும் உறைபனி போற வரைக்கும் வெளிய விடறதா இல்ல.