தக்காளித் தோல்

ரசத்துக்குத் தக்காளி நறுக்கும்போது கத்தி வழுக்கி இடது ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது.

எட்டு அங்குலக் கத்தி. 'செஃப் நைஃப்' என்று ஆசையாக வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது.

அம்மா விரலில் துணியைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "மொண்ணைக் கத்திதான்டா கைய வெட்டும்."

சரிதான். கூர் இருந்தால் கத்தியின் எடையிலேயே தக்காளித் தோல் பிளந்துவிடும். மழுங்கினால் நாம் அழுத்துகிறோம், அழுத்தும்போதுதான் வழுக்குகிறது.

குற்றவாளி, என் அழகான கண்ணாடி வெட்டுப்பலகை. கண்ணாடி கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது, ஒவ்வொரு வெட்டிலும் கத்தியின் விளிம்புதான் மடங்குகிறது. பார்க்க நன்றாக இருக்கிறதே என்று வாங்கியது. என்னைச் சொல்லவேண்டும்.

அம்மா ஒரு பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தார். அடியில் மெருகு பூசாத சொரசொரப்பான வளையம் இருக்குமே, அதில் கத்தியைச் சாய்த்து இந்தப் பக்கம் பத்து இழுப்பு, அந்தப் பக்கம் பத்து. சாய்வு 15 முதல் 20 டிகிரி என்பது நான் படித்த கணக்கு. அம்மாவுக்கு, கத்தியின் முதுகு கோப்பையிலிருந்து ஒரு விரல் தடிமன் உயரம்.

முன்பெல்லாம் சைக்கிளில் சாணைக்காரர் வருவார். மிதிக்க மிதிக்கப் பொறி பறக்கும். ஒரே காலையில் தெரு முழுக்க அரிவாள்மனைகளுக்குக் கூர் ஏறிவிடும். அவரைப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது!

கத்தியைக் கழுவித் துடைத்து அடுத்த தக்காளியில் வைத்தேன். அழுத்தவே இல்லை, இறங்கியது.

திரும்பிப் பார்த்தால், அம்மா தரையில் அரிவாள்மனையோடு உட்கார்ந்து பாதி வெங்காயத்தை முடித்திருந்தார்.