மாருதி 800-ல் ஆயில் கசிவு: கியர்பாக்ஸை இறக்கும் முன் பார்த்தவை

வண்டி கார்புரேட்டர் காலத்து மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர். இரவு நிறுத்தினால் காலையில் தரையில் நாலைந்து சொட்டு. சொட்டியது இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில். அங்கே ஈரம் கண்டாலே "கிராங்க் பின் சீல் (கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போச்சு, கியர்பாக்ஸ் இறக்கணும்" என்பார்கள். இதற்கும் அதையே சொன்னார்கள். ஆயில் கீழ்நோக்கித்தான் ஓடும். சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. அதனால் பின் சீலைக் கடைசியாக வைத்துக்கொண்டு மேலிருந்து தேடினோம்.

முதலில் அது எந்த ஆயில் என்று தெரிய வேண்டும். அடியில் வெள்ளை அட்டை போட்டு வைத்தோம். விழுந்தது கறுப்பு, தொட்டால் நீர்த்த வழுவழுப்பு. கியர் ஆயிலாக இருந்தால் இன்னும் கெட்டியாக, கந்தக நெடியோடு இருக்கும். ஆக, இது இன்ஜின் ஆயில்.

அடுத்தது கழுவுவது. இதைச் செய்யாமல் தேடினால் பழைய அழுக்கைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுப்பது) கேப், ஆல்டர்னேட்டர், கார்புரேட்டர் மூன்றையும் பாலித்தீன் பையால் கட்டி, மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு தேய்த்துத் துடைத்தோம். முழுக்கக் காயாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது, தீப்பிடிக்கும். காய்ந்ததும் டேப்பெட் கவர் (இன்ஜின் தலைமேல் உள்ள மூடி) ஓரம், டிஸ்ட்ரிபியூட்டர் அடி, ஆயில் பிரஷர் சுவிட்ச், பெல்-ஹவுசிங் (இன்ஜினோடு சேரும் கியர்பாக்ஸ் கூடு) மேல்பகுதி எல்லாவற்றிலும் முகப் பவுடரைத் தூவினோம்.

நின்ற நிலையில் 20 நிமிடம் ஐடிலிங். ஓட்டிப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் தள்ளித் தடயத்தைக் கலைத்துவிடும். டார்ச் அடித்துப் பார்த்தால் டேப்பெட் கவர் ஓரத்தில் பவுடர் வெள்ளையாகவே இருந்தது. பிரஷர் சுவிட்சும் அப்படியே. டிஸ்ட்ரிபியூட்டர் உட்காரும் கழுத்தில் மட்டும் பிறை வடிவில் பழுப்பு ஈரம். அங்கிருந்து சுண்டுவிரல் அகலக் கோடு ஒன்று இறங்கி பெல்-ஹவுசிங் தலையில் சேர்ந்தது. இந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் கியர்பாக்ஸ் பக்கம், ஹெட்டின் கடைசியில் இருப்பதால்தான் பழி பின் சீல் மேல் விழுகிறது.

அந்தக் கழுத்தில் ஆயிலைத் தடுப்பது ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம். அதை மாற்றும் முன், இன்ஜின் உள்ளே சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வையும் பிரீதர் ஹோஸையும் பார்த்தே ஆக வேண்டும். அவை அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, புது சீலையும் தாண்டி ஆயில் வெளியே வரும். ஐடிலிங்கில் ஆயில் ஃபில்லர் மூடியைத் திறந்து வாய்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்தால் லேசாக உள்ளிழுக்க வேண்டும். புகையோடு தள்ளினால் அடைப்பு, அல்லது பிஸ்டன் ரிங் தேய்மானம். இதில் உள்ளிழுத்தது.

கழற்றும் முன் டிஸ்ட்ரிபியூட்டர் உடல் நிற்கும் இடத்தையும் அதனுள் சுழலும் ரோட்டார் நோக்கும் திசையையும் கோடு போட்டுக் குறித்தோம். உள்ளே சாய்ந்த பல் கியர். வெளியே இழுக்கும்போது ரோட்டார் கொஞ்சம் திரும்பும், மாட்டும்போது அதே அளவு திரும்பி பழைய கோட்டுக்கு வர வேண்டும். இடையில் கிராங்கைச் சுற்றக் கூடாது. வெளியே வந்த ஓ-ரிங் நகத்தால் அழுத்தினால் அமுங்கவில்லை, வளைத்ததும் ஒடிந்தது. புதியதில் இன்ஜின் ஆயில் தடவி மாட்டினோம். அங்கே அனபாண்ட் (கசிவை அடைக்கும் பசை) பூசத் தேவையில்லை. எங்கே பூசினாலும் அதிகமானது உள்ளே பிதுங்கி ஆயில் பம்ப் சல்லடையில் போய் அடைக்கும். கடைசியில் டைமிங் லைட் வைத்து, பிளக்கில் பொறி விழும் நேரமான டைமிங்கைச் சரிபார்த்தோம்.

ஈரம் டைமிங் பெல்ட் பக்கம் இருந்திருந்தால் வேலை வேறு. அங்கே கேம் ஷாஃப்ட் சீல், முன் கிராங்க் சீல், பெல்ட் மூன்றையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. ஆயிலில் ஊறிய பெல்ட்டைத் துடைத்து மறுபடி மாட்டவே கூடாது.

பெல்-ஹவுசிங் உள்ளே தேங்கிய பழைய ஆயில் இன்னும் சில நாள் சொட்டும். அதைப் பார்த்து மறுபடி சந்தேகப்பட வேண்டாம். கழுத்தில் பவுடர் காய்ந்து இருக்கிறதா என்று பாருங்கள். இதில் மூன்றாம் நாள் ஒரு சொட்டு, ஐந்தாம் நாள் அட்டை சுத்தம்.